நானூறுக்குக் கீழே

நம்புங்கள் என்று கெஞ்சப் போவதில்லை. நானே மூன்று நாள் நம்பவில்லை. ஆனால் நேரம், எண், கேபிள் என் எந்தக் கையில் இருந்தது என்பதுவரை அன்றே எழுதி வைத்துவிட்டேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. பேய் என்றால் நள்ளிரவும் நாய் ஊளையும் வேண்டும் என்பார்கள். எனக்கு அந்த யோகமும் இல்லை. எனக்கு வாய்த்தது 2011 பிப்ரவரி 15, செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நாலு மணி இருபத்து மூன்று நிமிடம். ஜன்னலுக்கு வெளியே நல்ல வெளிச்சம். எதிர்வீட்டுக்காரர் பனி அள்ளிக்கொண்டிருந்தார்.

என் பெயர் டேல் கிவேலா. ஊர் மின்னசோட்டாவில் துலூத். உடம்பு அசையாதவர்கள், வாய் பேச முடியாதவர்கள் கம்ப்யூட்டர் வழியாகப் பேச வழி செய்து கொடுக்கும் சின்னப் பட்டறையில் வேலை. கீபோர்டோ மவுஸோ நாங்கள் கன்னத்தில் ஒட்டும் சென்சாரோ, எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். மனுஷ அசைவைப் பிடிக்க வேண்டும், எண்ணாக மாற்ற வேண்டும், நடுவில் ஒரு கோடு போட வேண்டும். எண் கோட்டைத் தாண்டினால் 'அழுத்தினார்' என்று அர்த்தம். தாண்டாவிட்டால் 'ஒன்றுமில்லை.' அந்தக் கோட்டை எங்கே போடுவது என்று முடிவு செய்வதுதான் என் பிழைப்பு. இருபத்தாறு வருஷமாகப் போடுகிறேன். இதில் நான் கெட்டிக்காரன் என்று ஊரில் பேச்சு. பேசியது பெரும்பாலும் நான்தான்.

மார்லிஸ் ஹாகன் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். நரம்பு நோய் வந்து, இரண்டு வருஷத்தில் உடம்பு முழுக்க நின்றுபோய், கண்ணசைவும் வலது கன்னத்தில் ஒரு சின்னத் துடிப்பும் மட்டும் மிச்சம். அங்கே காசு அகலத்தில் ஒரு சென்சார் ஒட்டினேன். கட்டிலுக்கு எதிரே ஒரு பெட்டி. அதன் ஸ்கிரீனில் எழுத்துகள் வரிசை வரிசையாக இருக்கும். மஞ்சள் பட்டை ஒன்று வரிசைகளின் மேல் ஒவ்வொன்றாக இறங்கி வரும். வேண்டிய வரிசையில் கன்னத்தைத் துடிக்க வைத்தால் பட்டை அந்த வரிசைக்குள் நுழைந்து கட்டம் கட்டமாகப் போகும். வேண்டிய கட்டத்தில் இன்னொரு துடிப்பு. பெட்டி அதைச் சத்தமாகச் சொல்லும். நாலாவது வரிசையில் எழுத்து கிடையாது, அவசரத்துக்கான நாலு கட்டங்கள்: வலிக்கிறது. தண்ணீர். திருப்பிப் படுக்க வை. கோர்டி.

கோர்டி அவர் கணவர்.

ஜனவரியில் மார்லிஸுக்கு மூச்சு மெஷின் வந்தது. அது ஊதுகிற ஊதலில் கன்னம் ஆடியது. பெட்டி அதையும் துடிப்பு என்று எடுத்துக்கொண்டு, அவர் தூங்கும்போதுகூட "வலிக்கிறது, தண்ணீர், தண்ணீர்" என்று கத்தியது. கோர்டி ஒவ்வொரு தடவையும் எழுந்து ஓடினார். பிறகு எனக்கு போன் செய்தார்.

ஜனவரி 26 காலை பத்து இருபதுக்குப் போனேன். கோடு இருநூறில் இருந்தது. நானூறுக்கு ஏற்றினேன். ஊதலால் வந்த ஆட்டம் கோட்டுக்குக் கீழேயே நின்றுபோனது. மார்லிஸிடம் கன்னத்தை அசைக்கச் சொன்னேன். நானூற்று முப்பது வந்தது. தாண்டிவிட்டார்.

பெட்டி வழியாக என்னிடம் பேசவும் செய்தார். "டேல், உன் தொப்பை கதவுக்கு முன்னாடியே உள்ள வருது."

"அது பாதுகாப்புக்கு மார்லிஸ். விழுந்தா அடிபடாது."

"எந்தப் பக்கம் விழுந்தாலும் எனக்குத்தான் அடி."

சிரித்துவிட்டுக் கிளம்பினேன். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. கோட்டை மாற்றினால் சாயங்காலம் சோதிக்க வேண்டும். காலையில் தூங்கி எழுந்த தசை வேறு, நாள் முழுக்கக் களைத்த தசை வேறு. அன்று பனிப்புயல் வருவதாகச் சொன்னார்கள். காலையிலேயே சோதித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் கோர்டி என் போனில் குரல் பதிவு விட்டிருந்தார். "நல்லா வேலை செய்யுதுப்பா. சத்தமே இல்ல." பட்டறையில் கூட வேலை செய்யும் ரெனேவுக்குப் போட்டுக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 6, ஞாயிற்றுக்கிழமை காலை, மார்லிஸ் இறந்துபோனார்.

ஒன்பது நாள் கழித்து, அந்தச் செவ்வாய்க்கிழமை, பெட்டியைத் திரும்ப எடுக்கப் போனேன். கோர்டி எனக்குக் காபி ஊற்றினார். இறுதிச் சடங்கில் மிஞ்சிய இனிப்புத் துண்டுகளை ஒரு தட்டில் நகர்த்தினார். துலூத்தில் துக்கம் இப்படித்தான் பேசும்.

"எப்படி இருக்கீங்க கோர்டி?"

"ரொம்ப மோசமில்ல." கப்பைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "டேல், ஒண்ணு கேக்கணும். அவ கடைசி பதினோரு நாள் என்கிட்ட பேசல. ஒரு வார்த்தை கூட."

நான் இனிப்பை மென்றுகொண்டிருந்தேன். மெல்வது நின்றுவிட்டது.

"நீ வந்துட்டுப் போனியே, அன்னிக்கு மத்தியானம் அவகிட்ட சொன்னேன். என்னால இனிமே தூக்கி நிமித்த முடியல மார்லிஸ், ஹெர்மன்டவுன்ல ஒரு பராமரிப்பு இல்லம் பாத்துட்டு வந்தேன்னு. அதோட சரி. பேச்சு நின்னுபோச்சு. கோபமான்னு கேட்டேன். என் பக்கம் கண்ணத் திருப்பவே இல்ல. அந்தப் பெட்டியையே பாத்துக்கிட்டு இருந்தா." கப்பை மேஜையில் வைத்தார். "பெட்டி சரியாத்தானே இருந்துச்சு?"

சரியாக இருந்தது என்றால், நாற்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்தவள் கோபத்தோடு போய்ச் சேர்ந்தாள் என்று அர்த்தம். அவருக்கு அது தெரியும். எனக்கும் தெரியும்.

"சரியாத்தான் இருந்துச்சு கோர்டி. நானே சோதிச்சேன்."

தலையாட்டினார். கப்புகளை எடுத்துக்கொண்டு கழுவப் போனார்.

அறைக்குள் போனேன். மணி நாலு ஐந்து.

கட்டிலில் விரிப்பு இல்லை. மூச்சு மெஷினை ஏற்கெனவே எடுத்துப் போயிருந்தார்கள். பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அணைக்கக் கோர்டிக்கு மனசு வரவில்லை போலும். மஞ்சள் பட்டை, பார்க்க யாருமில்லாமல், வரிசை வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தது. சென்சார், மடித்து வைத்த போர்வையின் மேல் கிடந்தது.

வழக்கப்படி எண்களைக் காட்டும் சாளரத்தை ஸ்கிரீனின் மூலையில் திறந்தேன். எதுவும் தொடாத சென்சார் ஐந்து, எட்டு, ஆறு என்று காட்ட வேண்டும்.

எட்டு. ஆறு. எட்டு.

முந்நூற்றுப் பத்து.

எட்டு. ஐந்து.

மறுபடி முந்நூற்றுப் பத்து.

ஹீட்டர் காற்று என்று நினைத்தேன். எழுந்துபோய் ஹீட்டரை அணைத்தேன். மணி நாலு பதினொன்று. வந்து பார்த்தேன். ஆறு... எட்டு... முந்நூற்றுப் பத்து.

சென்சாரை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தேன். முந்நூற்றுப் பத்து.

கேபிள் பழுது என்று எனக்கு நானே சொன்னேன். இருபத்தாறு வருஷ அனுபவம் பேசியது. கேபிளைப் பெட்டியிலிருந்து பிடுங்கினேன். இடது கையில் பிடித்துக்கொண்டேன்.

இனிமேல் பூஜ்யம்தான் வர வேண்டும்.

பூஜ்யம். பூஜ்யம்.

முந்நூற்றுப் பத்து.

வாயில் காபி கசந்தது. சமையலறையில் தண்ணீர் ஓடும் சத்தம். கப் மேல் கப் வைக்கும் சத்தம்.

அப்போதுதான் பட்டையைக் கவனித்தேன்.

முதல் வரிசை... பூஜ்யம். இரண்டாவது... பூஜ்யம். மூன்றாவது... பூஜ்யம். நாலாவது... முந்நூற்றுப் பத்து.

திரும்ப முதலிலிருந்து. ஒன்று. இரண்டு. மூன்று.

நாலு. முந்நூற்றுப் பத்து.

பத்து தடவை எண்ணினேன். பத்து தடவையும் நாலாவது வரிசை. தப்பே இல்லை. கோளாறு எப்போது வேண்டுமானாலும் வரும். கோளாறு காத்திருக்காது.

இது காத்திருந்தது.

கோடு நானூறில் இருந்தது. நான் போட்ட கோடு. ஒவ்வொரு தடவையும் அந்த முந்நூற்றுப் பத்து மேலே வந்து, கோட்டைத் தொட முடியாமல் கீழே விழுந்தது. பெட்டி ஒவ்வொரு தடவையும் 'ஒன்றுமில்லை' என்று தள்ளிக்கொண்டிருந்தது.

மணி நாலு இருபத்து இரண்டு.

கோட்டை இருநூற்றைம்பதுக்கு இறக்கினேன். ஏன் செய்தேன் என்று கேட்காதீர்கள். என் விரல் செய்தது.

ஒன்று...

இரண்டு...

மூன்று...

நாலு. 'டிக்.'

பட்டை வரிசைக்குள் நுழைந்தது.

வலிக்கிறது... நகர்ந்தது.

தண்ணீர்... நகர்ந்தது.

திருப்பிப் படுக்க வை... நகர்ந்தது.

'டிக்.'

"கோர்டி," என்றது பெட்டி. விமான நிலைய அறிவிப்புபோல உயிரில்லாத அதே பெண் குரல்.

சமையலறையிலிருந்து உடனே பதில் வந்தது.

"இதோ வர்றேன் மார்லிஸ்."

தண்ணீர் நின்றது.

பிறகு வீட்டில் சத்தமே இல்லை.

வாசலில் வந்து நின்றார். கையெல்லாம் சோப்பு நுரை. என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"நீ அமுக்கினியா?"

"ஆமா," என்றேன். "சோதிச்சுப் பாத்தேன்."

என் இடது கையில் கேபிள் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் கவனித்தாரா தெரியவில்லை. உள்ளே வந்து, கட்டில் பக்கத்து நாற்காலியில், கையைத் துடைக்காமலே உட்கார்ந்தார்.   மூலையில் எண் பூஜ்யத்தில் நின்றது. பட்டை நாலாவது வரிசையைத் தாண்டிப் போனது. பூஜ்யம்தான்.

ஐந்து பத்துக்கு அணைத்தேன். அதுவரை பூஜ்யம்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, திருடன் மாதிரி வெளியே வந்தேன்.

மறுநாள் பட்டறையில் பெட்டியின் பதிவைத் திறந்தேன். எங்கள் பெட்டிகளுக்கு ஒரு குணம் உண்டு. தள்ளிவிட்டதையும் நேரம் போட்டு எழுதி வைத்துக்கொள்ளும். ரெனே என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். நான் கோடு ஏற்றிய நாளிலிருந்து மார்லிஸ் இறந்த காலைவரை, மெஷின் ஊதியதைக் கழித்தால், கோட்டுக்குக் கீழே நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு அழுத்தங்கள். எல்லாம் நாலாவது வரிசை. முதல் நாள் மத்தியானம் முந்நூற்றுத் தொண்ணூறு. சாயங்காலம் முந்நூற்று அறுபது. பிறகு முந்நூற்றுப் பத்து. கடைசிவரை முந்நூற்றுப் பத்து.

"டேல்," என்றாள் ரெனே. "சாயங்காலம் சோதிச்சியா?"

நான் ஸ்கிரீனில் பக்கத்தைக் கீழே தள்ளினேன்.

"அது மட்டுமில்ல. கீழ பாரு. அவங்க போனது ஆறாம் தேதிதானே?"

பதிவு ஆறாம் தேதியோடு முடியவில்லை.

வெள்ளிக்கிழமை, பதிவை அச்செடுத்த தாள்களை எடுத்துக்கொண்டு கோர்டியிடம் போனேன். வேலை போனாலும் போகட்டும் என்று ஒரே மூச்சில் சொன்னேன். நான்தான் கோட்டை ஏற்றினேன், காலையில் சோதித்தேன், மார்லிஸ் பேசாமல் இருக்கவில்லை, பேசியதை நான் போட்ட கோடு தள்ளிவிட்டது. அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது, பட்டை நாலாவது வரிசைக்கு வருவதற்காக. பதினோரு நாளும் உங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவர் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். ஒரு குத்தாவது விடுவார் என்று எதிர்பார்த்தேன். விட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அப்போ கோபம் இல்ல," என்றார்.

"இல்ல கோர்டி."

"கோபமும் இருந்திருக்கும். உனக்கு அவளத் தெரியாது. கோபமா இருந்தா இன்னும் அதிகமாக் கூப்பிடுவா." தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கிற யோக்யதை எனக்கு இல்லை.

வெகு நேரம் கழித்து வந்து உட்கார்ந்து தாளை இழுத்தார். ஆறாம் தேதிக்குப் பிந்தைய பக்கங்கள். நான் ஒன்றும் விளக்கவில்லை. தேதியை அவரே படித்தார். முகம் வெளுத்தது. ஆனால் தாளை விடவில்லை. இடையிடையே சில மணி நேரங்கள் காலியாக இருந்தன. பென்சிலை எடுத்து ஒவ்வொன்றாகக் குறி வைத்தார்.

"வியாழன் பத்துலேர்ந்து பதினொண்ணே கால். பேங்க் போயிருந்தேன்." அடுத்த குறி. "வெள்ளி பத்தரைலேர்ந்து ரெண்டே கால். சர்ச்சு. அவள அடக்கம் பண்ணப் போயிருந்தோம்." பென்சில் நின்றது. "டேல்... நான் வீட்ல இல்லாதப்ப அவ கூப்பிடல."

நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"இது ஒண்ணுதான் சரியா வரல," என்றார். "சனிக்கிழமை. மூணு அஞ்சுலேர்ந்து நாலு ஐம்பது. நான் எங்கயும் போகல. வீட்லதான் இருந்தேன்."

தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். 

"அன்னிக்குத்தான் அவ கட்டில்ல போய்ப் படுத்தேன்," என்றார் மெதுவாக. "அவ போனப்புறம் முதல் தடவையா. அப்படியே தூங்கிட்டேன்."

நான் அடுத்த வரியைப் பார்த்தேன். நாலு ஐம்பத்தொன்று. நாலாவது வரிசை. முந்நூற்றுப் பத்து.

"எப்ப எந்திரிச்சீங்க?"

"அஞ்சு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி," என்றார் கோர்டி. "காபி போடலாம்னு சமையலறைக்குப் போனேன்."