பறித்த ட்ரம்பெட்

தொண்ணூறுகளில் ஒரு மாலை, நாங்கள் குடியேறிய பலேர்மோ நகரின் பல்லரோச் சந்தையில் இளைஞர்கள் ட்ரம்பெட் ஊதினார்கள். ஜன்னலில் நின்று தாளத்தை எண்ணினேன். இரண்டு எண்களுக்கு நடுவில்தான் ஒவ்வொரு ஊதலும் விழுந்தது.

"இது ஸ்கா, அப்பா. ஜமேக்காவிலை கன்னியாஸ்திரிகளின்ரை பள்ளிக்கூடத்திலை ட்ரம்பெட் பழகின பெடியள் வளத்த இசை," என்றாள் மகள்.

எனக்கு எங்கள் ஊர்ச் சுவாமியார்மேல் பழைய கோபம் பற்றிக்கொண்டது. என் சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில், என்னைப் பெற்ற ஐயாவும், புளி போட்டு மினுக்கிய மாதா கோயில் ட்ரம்பெட்டை இப்படித்தான் ஊதினார். திருநாள் ஊர்வலத்தில் சனம் தோளை ஆட்டியது.

"மாதாவுக்கு முன்னாலை கூத்தோ?" என்று சுவாமியார் அதைப் பறித்தார்.

"மாதா ஒண்டும் சொல்லேல்லையே, சுவாமி!" என்றார் ஐயா.

ட்ரம்பெட் திரும்பி வரவில்லை. சாகும்வரை ஐயாவின் மூன்று விரல்கள் சோற்றுக்கோப்பை விளிம்பை அழுத்திக்கொண்டே இருந்தன.

"சத்தமாக் கிடக்கு. ஜன்னலைச் சாத்தட்டோ, அப்பா?"

"சாத்தாதை! இந்த முறையாவது ஐயா ஊதி முடிக்கட்டும்."