பூவம்மாள் ஏறிய மாடி

எங்கள் தெருவில் பூவம்மாள் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் வாயே திறக்க முடியாது. இப்போது நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்குகிறாள்.

ஆம்பூர் பக்கத்துத் தோல் கம்பெனியில் இருவரும் ஒன்றாகச் சேர்ந்தோம். நான் பேக்கிங். அவள், தோலைத் தேய்த்து வழவழப்பாக்கும் பஃபிங் மிஷின். சாயங்காலம் வெளியே வரும்போது இமை முடியெல்லாம் தூசி. மூக்கில் கட்டப் பழைய புடவைத் துணிதான். தூசி உறிஞ்சும் குழாய் ரிப்பேர் என்று எத்தனையோ தடவை சொன்னாள். ஒருவரும் கேட்கவில்லை. புருஷன் போனபின் அந்த மிஷினில் நின்றுதான் மகள் அம்பிகாவைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தாள்.

நாற்பது வயதில் மூச்சு முட்ட ஆரம்பித்தது. வேலூர் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். நுரையீரலைக் காக்கிற ஒரு சத்து அவளுக்குப் பிறவியிலேயே ரொம்பக் கம்மி, தாய் தகப்பன் இருவர் வழியாகவும் வந்தது, இப்படிப்பட்டவர்களைப் புகையும் தூசியும் சீக்கிரம் தின்றுவிடும் என்றார். அண்ணன் காசிநாதனுக்கும் பார்த்தார்கள். அவருக்கும் அதே குறை. ஆனால் அவர் ஆலங்காயத்தில் விவசாயம், பீடி தொட்டதில்லை, நன்றாக இருக்கிறார். அம்பிகாவுக்கும் தாய் வழிப் பங்கு இருக்கும், தூசிப் பக்கம் விடாதீர்கள் என்றார் டாக்டர்.

மேனேஜர் தமிழ்வேந்தன் இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார் என்றே சொல்வேன். பரம்பரை நோய்க்குக் கம்பெனி பொறுப்பில்லையாம். ஆனாலும் இரக்கப்பட்டு, தாய் நின்ற மிஷினை மகளுக்கே தருகிறாராம். நோயில் விழுந்தவர் இடத்தில் பிள்ளையை எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நாங்களும் கும்பிட்டு வாங்கிக்கொள்வோம். சேர்த்துவிடு என்றது தெரு. ரத்தம் அது இது என்று வெளியே பேசினால் பெண்ணுக்கு மாப்பிள்ளை வராது என்றும் பயமுறுத்தியது. அம்பிகாவும் மூக்குத் துணியைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டாள்.

பூவம்மாள் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

மேனேஜர் அறை மாடியில். காசிநாதன் தங்கையைக் கைகளில் தூக்கிக்கொண்டு ஏறினார். நானும் அம்பிகாவும் பின்னால்.

“சின்னப் புள்ளையில திருவிழாவுல தூக்குனப்போ இதவிட ஜாஸ்தி கனம் இருந்த, பூவு” என்றார். அவள் சிரிக்கப் போய் இருமினாள்.

மேனேஜர் முன்னால் இறக்கிவிட்டார்.

“சார், இவரு எங்க அண்ணன். எனக்கு இருக்கிற அதே ரத்தம்.” நிறுத்தினாள். “என்னத் தூக்கினு மாடி ஏறுனாரு. மூச்சு வாங்குதா, பாருங்க.”

வாங்கவில்லை.

“அதுக்கு நான் இன்னாம்மா பண்றது? உங்க குடும்பத்து வியாதி.”

“தெரியுது இல்ல? அப்புறம் எதுக்கு எம் பொண்ண அதே மிஷினுக்குக் கூப்புடுறீங்க?”

மேனேஜர் போனை எடுத்து நோண்டினார். அது வேண்டாமென்றால் வேறு வேலை கிடையாது என்றார். பேக்கிங்கில் இரண்டு இடம் காலி என்று நான் சொன்னேன். காதில் வாங்கவில்லை.

“வாடி” என்று மகள் கையைப் பிடித்தாள் பூவம்மாள்.

அம்பிகா இப்போது வாணியம்பாடியில் துணிக்கடைக்குப் போகிறாள். சம்பளம் கம்மி. நின்று நின்று கால் வீங்குகிறது. இருமவில்லை.

அந்த மிஷின் ஒரு நாள்கூடச் சும்மா இருக்கவில்லை. கலவை ஊரிலிருந்து வந்த ஒரு பெண் நிற்கிறாள். அவள் ரத்தத்தில் என்ன குறையோ, யார் பார்த்தார்கள்? குழாய் இன்னும் ரிப்பேர்தான். மூச்சைக் கர்த்தர் கொடுத்தார். தூசியை அவர் கொடுக்கவில்லை. மேனேஜருக்காகவும் ஜெபம் பண்ணச் சொல்கிறார் எங்கள் போதகர். முட்டி போடுகிறேன். அந்தப் பெயர் மட்டும் வாயில் வரமாட்டேன் என்கிறது.