ஜி.எஸ்.டி. ரோடு வரைக்கும்தான் அம்மன்

மகளுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்தால் ஆடியில் தீ மிதிக்க வைப்பதாக வேண்டிக்கொண்டது நானும் என் மனைவியும். சீட் கிடைத்தது. மிதிக்க வேண்டியது அவள். எங்கள் பக்திக்கு அவள் பாதம்.

ஊரப்பாக்கத்தில் நாங்கள் குடியிருந்த நகர், பிளாட் போட்டு விற்ற இடம். பத்து வயதுகூட ஆகாத அந்த நகருக்குக் கோயில் கமிட்டி ஊர் எல்லை வகுத்திருந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டு பஸ் ஸ்டாப்போடு அம்மனின் ஆட்சி முடிந்தது. காப்புக் கயிறு கட்டிக்கொண்டவர்கள் பத்து நாள் அந்த எல்லையைத் தாண்டக் கூடாது. ஒரு வேளைச் சாப்பாடு, வெறுந்தரையில் படுக்கை. பதினேழு வயதுப் பெண் பட்டினி கிடந்தால் மேலே இருப்பவளுக்கு மனம் குளிருமாம். அப்படிக் குளிர்கிற மனம் என்ன மனம் என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மகளுக்குக் காப்புக் கட்டிய நான்காம் நாள் காலையில் காய்ச்சல், ஓயாத வாந்தி. மத்தியானத்துக்குள் அவளுக்கு நாக்கு வறண்டு பேச்சுக் குழறியது. தாம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வந்து நின்றது. கமிட்டித் தலைவரும் வந்து நின்றார்.

"காப்போட எல்லை தாண்டினா குடும்பத்துக்கு ஆகாது சார். அம்மா சோதிக்கிறா."

"அப்ப அவுத்துடுங்க."

"நான் அவுக்கக் கூடாது, பூசாரிதான் அவுக்கணும். குளிச்சிட்டு வரச் சொல்லியிருக்கேன்."

எம்.எஸ்ஸி. படித்த நான், பூசாரி குளித்து முடிக்கக் காத்திருந்தேன். மனைவி மகளின் தலையை மடியில் வைத்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். ஆட்டோக்காரர்தான் பொறுக்காமல் கத்தினார்.

"இன்னா சார், கயித்தப் பாத்துகினு நிக்கிற? பொண்ணுக்குக் கண்ணு சொருகுது, ஏறு சார்! அம்மா கேட்டா நான்தான் இட்டுகினு போனேன்னு சொல்லிடு."

ஏறினோம்.

"உடம்புல தண்ணியே இல்ல. காலையிலேயே ஏன் கூட்டிட்டு வரல? படிச்சவங்கதானே?" என்றார் டாக்டர். ஊசி குத்த நரம்பு தேடிய நர்ஸ், மஞ்சள் கயிற்றை ஒரே வெட்டில் நறுக்கிக் குப்பைக் கூடையில் போட்டார்.

பிழைத்துவிட்டாள். இப்போது வேறு ஊரில் வேலை. ஆடியில் எங்காவது மைக் செட் அலறினால், "சாப்பிட்டியா?" என்று அவளுக்கு போன் செய்துவிடுகிறேன்.

அன்று ஆஸ்பத்திரியில், சேர்த்த மறுநாள் கண் திறந்ததும் அவள் கேட்டாள்: "அப்பா, நான் தீ மிதிக்கணுமா?"

"வேணாம்மா."

அதைச் சொன்னபோது அந்தக் கயிறு என் சட்டைப் பையில் இருந்தது. நர்ஸ் திரும்பிய நேரத்தில், கூடையில் கைவிட்டு நான்தான் எடுத்து வைத்திருந்தேன்.