பால் பொங்கிய பக்கம்

கனடாவில் இருந்து மாமா வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் ஒரே தம்பி அவர். நாங்கள் அப்போது வட்டுக்கோட்டையில், பெரியப்பா வீட்டின் பின்பக்கத்து அறையில் இருந்தோம். அங்கே மாமாவுக்குக் கால் நீட்டவும் இடமில்லை. அதனால் அவர் நல்லூரில், சத்தமில்லாத ஒரு ஒழுங்கைக்குள், மேல்மாடி அப்பாட்மென்ட் ஒன்றை ஒரு கிழமைக்கு எடுத்தார். அதிகம் செலவில்லாத இடம்தான். இரண்டு அறை, ஒரு குசினி, குளியலறையோடு சேர்ந்த கக்கூஸ். எல்லாருமாக அங்கேயே இருப்போம் என்றார்.

கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்கார அன்ரி கதவுத் திறப்பை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, வாசலிலேயே சட்டங்களைச் சொன்னார். ஆணி அடிக்கக்கூடாது, மீன் பொரிக்கக்கூடாது, சத்தம் போடக்கூடாது. மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் மனப்பாடம் செய்தேன். கையில் கிடைத்த எந்த நல்லதையும் யாரோ வந்து பறித்துக்கொண்டு போவார்கள் என்ற பயம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. பிற்காலத்தில் என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. அந்தப் பயம் மட்டும் நிற்கவில்லை.

உள்ளே போனதும் அம்மா கூடைக்குள் இருந்து ஒரு புதுச் சட்டியையும் ஒரு போத்தல் பசும்பாலையும் எடுத்தார். மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அக்கா, ஞாயிற்றுக்கிழமை விட்டிட்டுப் போற வீடு. உதுக்கும் பால் காய்ச்சுறியோ?"

"நீ சும்மா இரு. திறப்பை என்ரை கையிலைதானே தந்தவ."

அது மின்சார அடுப்பு. அதன் சூட்டைக் குறைக்க அம்மாவுக்குத் தெரியாது. பால் நுரைத்து எழும்பி, ஒரு பக்கமாகச் சரிந்து, அடுப்பில் விழுந்து கருகியது. குசினி முழுக்கப் புகை. மேலே ஒட்டியிருந்த வெள்ளைப் பெட்டி ஒன்று வீல் வீலென்று கத்தத் தொடங்கியது. அப்பா கதிரையில் ஏறி நின்று துவாயால் அதற்கு விசிறினார். மாமா சிரித்துச் சிரித்து நிலத்திலேயே இருந்துவிட்டார். நான் என் உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். எப்படியும் போகத்தான் சொல்லுவார்கள். என்னால் தாமதமாகக் கூடாது.

அன்ரி மேலே ஏறி வந்துகொண்டிருந்தார்.

"என்ன தம்பி, நெருப்போ?"

"இல்லை அன்ரி, பால் பொங்கினது. நாங்கள் போறம்."

அவர் அப்படியே நின்றார். பிறகு கேட்டார்:

"எந்தப் பக்கம் பொங்கினது?"

அவருக்குப் பின்னால் நானும் மேலே போனேன். பெட்டி ஓய்ந்திருந்தது. அம்மா அடுப்புக்கு முன்னால் அழுவார்போல நின்றார்.

"கக்கூஸ் பக்கம் பொங்கிப்போட்டுது அக்கா," என்றார் அன்ரியிடம். "சண்டைக்குள்ளை எத்தனை வீடு மாறினனாங்கள். எல்லாத்துக்கும் ஓடிப்போய்த்தான் பூந்தது. ஒண்டிலையும் பால் காய்ச்சேல்லை. இண்டைக்குக் காய்ச்ச, இப்பிடி."

கக்கூஸ் பக்கம் தெற்கு என்றார் அப்பா. மாமா போனை எடுத்துப் பார்த்து வடமேற்கு என்றார். ஒருமுறை சுற்றி நின்று பார்த்து, இல்லை, தென்கிழக்கு என்றார்.

"உம்மடை போன் இன்னும் கனடாவிலைதான் நிக்குது மச்சான்," என்றார் அப்பா.

"விடுங்கோ உதை," என்றார் அன்ரி. "நான் பிறந்து வளந்த வளவு இது. விடியக்காலமை வெய்யில் அடிக்கிறது அந்தக் கக்கூஸ் யன்னலாலைதான். உது நல்ல கிழக்கு!"

அம்மா சிரித்த சிரிப்புக்கு அந்தப் பெட்டி இன்னொருமுறை கத்தியிருக்க வேண்டும். மிஞ்சிய பாலில் தேத்தண்ணி ஊற்றினார். அன்ரியும் இருந்து குடித்தார். சீனி காணாது என்று குறை சொன்னார். அடுப்பின் சூட்டை எப்படிக் குறைப்பது என்று காட்டினார். போகும்போது, யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மீனும் பொரிக்கலாம் என்றார். கிழக்குச் சரியாக இருந்ததால்தான் எங்களைத் துரத்தவில்லை என்று நம்பி, பையை அறைக்குள் கொண்டுபோய் வைத்தேன்.

அந்தக் கிழமை எங்களுக்குக் கலியாண வீடுபோலப் போனது. அம்மா காரணமில்லாமல் கதவைப் பூட்டுவார், திறப்பார். தினமும் பின்னேரம் அன்ரியைக் கூப்பிட்டு, "வாங்கோ, எங்கடை வீட்டிலை ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ," என்பார்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டோ வந்தது. எல்லாரும் கீழே போய்விட்டார்கள். நானும் அம்மாவும்தான் மேலே நின்றோம். அம்மா திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு, கூட்டித் துடைத்த வீட்டுக்குள்ளே பார்த்து, விடைபெறுவதுபோல, "போட்டு வாறன்," என்றார்.

யாருக்குச் சொல்கிறார்? யாரையோ உள்ளே விட்டுவிட்டுப் போகிறோம்! ஓடிப்போய் இரண்டு அறையும் பார்த்தேன், குசினியைப் பார்த்தேன், கட்டிலுக்குக் கீழேயும் குனிந்து பார்த்தேன்.

"ஒருத்தரும் இல்லை அம்மா," என்றேன்.

"ஓம், தெரியும்," என்றார். ஆனாலும் உடனே கதவைப் பூட்டவில்லை.