ஆவுளியாவின் சாட்டில் ஒரு புள்ளி

ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் மாரிச்செல்வி சிரிக்கத் தொடங்குவாள். ஓடினால் மைக்கில் காற்றுச் சத்தம் விழும். கடலாடி வெக்கையில், வீட்டின் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால், எழுந்திருக்கும்போது குளித்தவள் மாதிரி நனைந்திருப்பாள். அந்தக் கோலத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. திரையில் தெரிவது ஆவுளியா.

கடல்பசுவுக்கு இந்தக் கரையில் அதுதான் பெயர். மண்டபத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது ஏதோ சுவரில் அதன் படத்தைப் பார்த்தாள். கொழுகொழு உடம்பும் சப்பை மூக்கும் பிடித்துப்போயின. தெரிந்த பெண்ணிடம் அப்படியே வரைந்து வாங்கி, தலையில் ஒரு உருண்டை முண்டு மிளகாயையும் செருகச் சொன்னாள். லேப்டாப் கேமரா இவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். இவள் புருவத்தைத் தூக்கினால் ஆவுளியாவும் தூக்கும். இவள் வாயைத் திறந்தால் அதுவும் திறக்கும். தினமும் சாயங்காலம் அது யூடியூப் லைவில் மீன்பிடி கேம் ஆடும், ஊர்க்கதை பேசும். பார்ப்பவர்கள் பக்கத்தில் ஓடும் சாட்டில் எழுதுவார்கள்.

பகலில் அவளுக்கு இ-சேவை மையத்தில் வேலை. "வந்துருச்சாம்மா?", "இன்னும் வரலண்ணே" என்பதைத் தாண்டி அங்கே பேச்சு கிடையாது. பள்ளிக்கூடத்தில் வாயாடி என்று பெயரெடுத்தவள். கல்யாணமாகி வந்த வீட்டில் அந்த வாய் மெல்ல மெல்ல அடங்கிவிட்டது. யாரும் அடக்கவில்லை, உட்கார்ந்து கேட்க ஆளில்லை, அவ்வளவுதான். ஆவுளியாவாக இருக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் அவள் பழையபடி வயிறு குலுங்கச் சிரிக்கிறாள்.

சாட்டுக்கென்று தனிப் பாஷை உண்டு. 'ம்' என்று விழுந்தால் சோறு தின்றுகொண்டே கேட்கிறார்கள். 'யக்கா யக்கா யக்கா' என்றால் பாட்டுப் பாடச் சொல்லப் போகிறார்கள். 'தண்ணி குடி' என்றால் பேச்சு தாறுமாறாகப் போகிறது என்று பொருள். கேமில் மீன் தப்பினால் 'வலைய மடி' என்று சரம் சரமாக விழும். மிளகாய் விவசாயியான அவள் கணவன் பூமிநாதன் ஒருநாள் எட்டிப் பார்த்து அரண்டுவிட்டான்.

"என்ன செல்வி, இந்த வையி வையிறாய்ங்க, நீ இளிச்சுக்கிட்டு இருக்க?"

"வையலங்க. பாசமா இருக்காக."

இப்படி எல்லாவற்றையும் படித்துவிடுகிறவளுக்குப் பிடிபடாதது ஒன்றே ஒன்று. 'சேதுலட்சுமி பாம்பன்' என்ற பெயரில் ஒரு புள்ளி வரும். வெறும் புள்ளி. வணக்கம் சொன்னாலும் புள்ளி, பாடினாலும் புள்ளி. போதும், பேச்சை முடி என்று சொல்வதாகவே மாரிச்செல்விக்குப் பட்டது. 'புள்ளிக்காரி' என்று கேலியாகப் பெயர் வைத்திருந்தாலும், அது விழும்போதெல்லாம் உள்ளே சுருக்கென்றது.

ஆவுளியாவை அவள் தொடங்கியது சித்திரையில். அப்போது சாட் ஜேஜே என்று இருந்தது. ஆனி பிறந்ததும் என்ன வந்ததோ, ஒருநாள் விட்டு ஒருநாள் அந்தப் புள்ளியைத் தவிர ஆளே இல்லை. ஆளில்லாத மறுநாள் மிளகாயின் நிறத்தை மாற்றுவாள், குரலைக் கொஞ்சம் குழைப்பாள், கூட்டம் வந்துவிடும். அடுத்த நாள் மறுபடியும் வெறிச்சோடிக் கிடக்கும். நம் பேச்சு சலித்துவிட்டது, பாதிநாள் ஏதோ பாவம் பார்த்து வருகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டாள்.

"சனிக்கிழமையோட நிறுத்திர்றேங்க. ஆளில்லாம பேசுனா பைத்தியம்பாக."

"என்கிட்டப் பேசு, நான் கேக்குறேன்" என்றான் பூமிநாதன். நல்ல மனுஷன். காட்டு வேலை முடித்து வந்து தலையைச் சாய்த்தால், இரண்டாவது வாக்கியத்தில் குறட்டை விடுவான்.

சனிக்கிழமையும் சாட் காலியாகவே கிடந்தது. "இன்னையோட ஆவுளியா கடலுக்குள்ள போயிருது. வரட்டுமா?" என்றாள். உதடு நடுங்கியது, திரையில் ஆவுளியாவின் வாயும் கோணிற்று. அந்த நேரம் பார்த்து விழுந்தது புள்ளி.

மாரிச்செல்விக்கு வந்ததே கோபம். "பாம்பனக்கா, என் பேச்சு பிடிக்கலைன்னா வாயத் தொறந்து சொல்லிட்டுப் போங்க. இதென்ன, தெனமும் புள்ளி வைக்கிறது?"

லைவை அவள் அணைக்கப் போன சமயம், முதல்முறையாக அந்தப் பெயரிலிருந்து எழுத்து வந்தது.

'கையக் கழுவிட்டு வர நேரமாயிருச்சு தாயி. பிடிக்காமயா தெனமும் வாரேன்? நான் நண்டுக் கம்பெனில சதை எடுக்கேன். கையெல்லாம் நண்டுத்தண்ணி, நனைஞ்ச விரலுக்கு போனு மசியாது. விரல மடக்கி முட்டியால ஒத்தப் புள்ளிதேன் வைக்க முடியும். இருக்கேன்னு அர்த்தம்.'

"அப்ப மத்தவகளுக்கு என்னக்கா? எங்க போனாக?"

'இன்னைக்கு போட்டு கடலுக்குப் போற நாளாச்சே. உன் பேச்சக் கேக்குறவுக அம்புட்டுப் பேரும் எங்க பக்கத்துப் போட்டுக்காரகதேன், கடல்ல கெடக்காக. நீ ஆரம்பிச்சப்ப மீன்பிடித் தடைக்காலம், கரையில கெடந்தாக. இப்ப ஒருநாள் விட்டு ஒருநாள் போறாக. நடுக்கடல்ல டவர் ஏது தாயி? எங்க வீட்டு ஆளு கரையேறுனதும் மொதல்ல கேக்குறதே, நேத்து ஆவுளியா என்ன சொல்லுச்சுன்னுதேன்.'

கடலாடிக்காரிக்கு மழை தெரியும், மிளகாய் தெரியும். தடைக்காலம் என்றால் மீன் விலை ஏறும் என்பதும் தெரியும். படகு எந்தக் கிழமை போகும் என்று யார் சொன்னார்கள்? அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன அவளுக்கு. ஆவுளியாவுக்குக் கண்ணீர் வரையப்படவில்லை; அது கண்ணை மட்டும் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தது.

"அக்கா, மதியத்துக்கு என்ன சாப்பிட்டீக?" என்று கேட்டாள். கை மறுபடி நண்டுக்குப் போய்விட்டது போல. பதிலாக ஒரு புள்ளி வந்தது. அந்த ஒரு ஆளுக்காக அன்றைக்கு முழு நேரமும் பேசினாள்.

ஞாயிற்றுக்கிழமை படகுகள் கரையில். சாட்டில் 'வலைய மடி' மழையாகக் கொட்டியது. முந்தின நாள் அவள் அழுத கதை பாம்பன் வரைக்கும் போயிருந்தது. 'யக்கா, தண்ணி குடி' என்று ஊரே கூடிச் சொன்னது.

திங்கட்கிழமை மறுபடியும் போட்டு நாள். மாரிச்செல்வி நேரத்துக்கு வந்து ஃபேனை நிறுத்தினாள், கதவைச் சாத்தினாள், லைவைத் திறந்தாள். சாட்டில் ஒரு எழுத்தும் இல்லை. போனைப் பக்கத்தில் எடுத்து வைத்து, காய்ந்த சுத்தமான கைதான் என்றாலும் ஆள்காட்டி விரலை மடக்கி, முட்டியால் அமுக்கி, முதல் புள்ளியைத் தானே வைத்தாள்.