வேம்பு நின்ற நாலடிச் சந்து

2012 மே 6, ஞாயிறு, மாலை நான்கு இருபது. கத்தரியின் மூன்றாம் நாள். வானில் மேகமில்லை, இலை அசையக் காற்றில்லை. அசைவதற்கு இலையே இல்லை என்பது கடலூரில் எங்கள் வாசலுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. இருபத்தொன்பது வருட வேம்பு பன்னிரண்டு துண்டாகக் கிடந்தது.

என் கையில் ஒரு வேப்பங்கன்று. சிதம்பரத்தில் புவி வெப்பமாவதைப் பற்றிய கூட்டத்தில் கொடுத்தது. வந்தது நாற்பத்தேழு பேர், ஓடியது நான்கு ஏசி. ஒரு சூடு இன்னொரு சூட்டைக் கிளப்ப ஆரம்பித்தால் பிறகு மனிதன் கைக்கு அடங்காது என்றார் பேசியவர். இனியும் தடுக்க முடியுமா என்று எழுந்து கேட்டேன். முடியும், முதலில் இருக்கிற மரத்தைக் காப்பாற்றுங்கள் என்றார்.

போன டிசம்பரில் அடித்த ‘தானே’ புயலுக்கு முன் எங்கள் தெருவில் பதினொரு மரங்கள். புயல் சாய்த்தது ஆறு. அதன்பின் பயத்தில் மனிதர்கள் சாய்த்தது நான்கு. மிஞ்சியது எங்கள் வேம்பு. மூச்சிரைப்புள்ள என் மனைவி படுக்கும் அறைக்கு அதுதான் நிழல். அடுத்த வீட்டில் இருக்கும் அவள் தம்பி நான்கு மாதமாக அதை வெட்டச் சொல்லி நச்சரித்தான். நான் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து, அக்காவைத் தலையாட்ட வைத்து, காரியத்தை முடித்துவிட்டான்.

“ஏன் மச்சான் வெட்டுன?”

“அடுத்த புயல்ல எம்மேல வுழுந்தா, எத்தினி கிளைன்னு எண்ணிக்கிட்டு நிப்பீங்க மாமா. அக்காவுக்கு ஒரு ஏசி போட்டுக்குங்க, தீந்துது.”

கன்றை நீட்டினேன். “இது நெழலு தர எத்தினி வருஷம், சொல்லு.”

“நீங்கதான் கணக்குல புலியாச்சே.”

நிழல் போன அறையில் என் மனைவி ஒன்பது நாள் தாங்கினாள். பத்தாம் நாள் ஏசி வந்தது. வேம்பு நின்ற நாலடிச் சந்தில் அதன் வெளிப்பெட்டி மச்சான் வீட்டு ஜன்னலைப் பார்த்து அனல் ஊதியது. இருபது நாளில் அவனும் ஒன்று மாட்டினான். அது எங்கள் ஜன்னலைப் பார்த்து ஊதியது. அவன் பெட்டி ஊத ஊத எங்கள் பெட்டி கூடுதலாக ஓடியது. கரண்ட் போனால் இரண்டு வீடும் சேர்ந்து வெந்தன.

அவனைத் திட்டி என்ன? படித்தவன் நான். சிதம்பரத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து, தெரிந்தே சுவிட்சைப் போட்டவன். தடுக்க முடியுமா என்று இனி எவரிடமும் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

ஏசி, ஸ்டெபிலைசர், மாட்டிய கூலி 29,850. மரம் வெட்டியதில் என் பங்கென்று மச்சான் கேட்டு வாங்கியது 600. ஆக 30,450 ரூபாய்.