கல்ஃபான் தட்டும் தூசி

வண்டிக்கு வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிகின்றன. ஒரு காலில் செருப்பு இருக்கிறது. இன்னொன்றின் செருப்பை ஆட்டுக்குட்டி ஒன்று மென்றுகொண்டிருக்கிறது. தலையும் தோளும் டேஷ்போர்டுக்கு அடியில் சிக்கியிருக்க, உள்ளேயிருந்து குரல் வருகிறது.

"அமுக்கு... இழு... உருவு. வந்துட்டான் பாரு!"

யாரிடம் சொல்கிறார் என்று கேட்கக் கூடாது. கல்ஃபான் தனியாக இருக்கும்போதும் ஒரு கூட்டத்தைப் பார்த்துத்தான் பேசுவார். தொழில் அப்படி. பஹ்லா சந்தையில் ஆட்டுத் தரகர் அவர். சந்தை நாளில் நடு மரத்தைச் சுற்றிச் சுற்றி, ஆட்டைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு, விலையைக் கூவியபடியே நடப்பார். வாங்குகிறவன் வாயைத் திறப்பதற்குள் அவனுடைய பாட்டனாரின் பெருமையைக்கூட நாலு வார்த்தை பேசிவிடுவார். தொண்டை எப்போதும் கட்டியே இருக்கும். கட்டிய தொண்டையிலும் பேச்சு மட்டும் கட்டுவதில்லை.

டேஷ்போர்டுப் பெட்டியிலிருந்து எடுத்த சாமான்கள் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு சோற்றுத் தாம்பாளத்தில் கிடக்கின்றன: ஒற்றைக் காது போன கறுப்புக் கண்ணாடி, ஆட்டுக் கயிறு, கல்லாகிப் போன பேரீச்சம்பழங்கள், காய்ந்த எலுமிச்சை, அவருடைய மனைவி ஸுவைனா போன ரமலானிலிருந்து தேடிக்கொண்டிருக்கும் கத்தரிக்கோல். பெட்டியைக் கழற்றினால்தான் அதற்குப் பின்னால் இருக்கும் ஏசி ஃபில்டரை எடுக்க முடியும். கழற்றும்போதெல்லாம் அந்தக் கத்தரிக்கோல் வெளியே வரும். மாட்டும்போது மறுபடி உள்ளே போய்விடும்.

உருவிய ஃபில்டரை இலந்தை மரத்தடி மதிலில் தட்டுவார். பொத், பொத், பொத். தெருக்கோடி வரை கேட்கும். அடுப்படியிலிருந்து ஸுவைனா, "ஆரம்பிச்சாச்சு" என்பாள், யாரிடமும் இல்லாமல். பிறகு கல்ஃபான் அதன் மடிப்புகளை விரலால் விரித்து, ஆட்டின் வாயைத் திறந்து பல் பார்க்கிற அதே அக்கறையோடு பார்ப்பார்.

"இது போன புழுதிக் காத்துல வந்த மண்ணு. இது வெள்ளாட்டு மயிரு, செம்மறி இல்ல. இந்தா, உமி. எவனோ நம்ம வண்டி போறப்போ கோதுமை புடைச்சிருக்கான்."

கார் வைத்திருக்கிற மனிதர்கள் தங்களுடைய நுரையீரலைப் பற்றி இவ்வளவு அறியாமையில் வாழ்கிறார்களே என்பது அவருடைய நிரந்தர வருத்தம்.

இந்த வெறி அவருக்கு ஒரு சர்வீஸ் சென்டரில் பிடித்தது. ஏசி ஃபில்டரை மாற்ற வேண்டும் என்று வண்டியை வாங்கிக்கொண்டு, காலையிலிருந்து உட்கார வைத்துவிட்டார்கள். பொறுமை போய் உள்ளே எட்டிப் பார்த்தார். மெக்கானிக் ஒருவன் பெட்டியைத் திறந்தான், பழையதை உருவினான், புதியதைச் செருகினான், மூடினான். கல்ஃபான் கையில் இருந்த காபியின் சூடுகூட ஆறவில்லை. "இதுக்கா? இதுக்கா என்னை ஆசுபத்திரி வாசல்ல நிக்கிற மாதிரி நிக்க வச்சீங்க?" என்று அவர் போட்ட சத்தத்தில், வரிசையில் இருந்தவர்கள் ஆடு ஏதோ ஏலம் போகிறது என்று நினைத்திருப்பார்கள். அன்றிலிருந்து இந்த வேலையை வேறு யாரையும் தொட விட்டதில்லை.

அதற்காக அவர் பெரிய கைகாரர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் தடவை மாட்டியபோது பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலே மாட்டிவிட்டு, அந்தக் கோடை முழுவதும் காற்று வரவில்லை என்று வண்டி செய்த ஜப்பான்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார். உறை வெளியே வந்த அன்று தெருவில் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று அதைச் சுருட்டி ஆட்டுக் கொட்டிலில் எறிந்தார். ஆடு அதையும் தின்னப் பார்த்தது.

ஆனாலும் சொந்த வண்டியோடு நிற்பவரா என்றால், இல்லை. தெருவில் நிற்கிற வண்டிகளுக்கெல்லாம் அவராகவே வைத்தியர். அல்வாக் கடை மர்ஹூனின் வண்டியில் ஏசியைப் போட்டால் யாரோ ஊளையிடுவது போலச் சத்தம் வந்தது. பஹ்லாவில் இதற்கெல்லாம் ஒரே விளக்கம்தான்: ஜின். மர்ஹூன் ஓதிப் பார்த்தார், சக்கரத்தைச் சுற்றி உப்புத் தூவினார், பயணம் கிளம்பும்முன் அதற்கு ஸலாமும் சொன்னார். கல்ஃபான் கேட்காமலே கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டார். அமுக்கு, இழு, உருவு. காற்றாடியில் சிக்கியிருந்த ஒரு காய்ந்த இலந்தை இலையை எடுத்து மர்ஹூனின் உள்ளங்கையில் வைத்தார்.

"இந்தாரும் உம்ம ஜின்னு."

மர்ஹூனின் முகம் விழுந்துவிட்டது. ஜின் ஏறி வருகிற வண்டி என்று ஊரில் ஒரு மரியாதை இருந்தது அவருக்கு. கடையில் வியாபாரம்கூடக் கொஞ்சம் கூடியிருந்தது.

"கல்ஃபான், அந்த இலையைத் திரும்ப உள்ள போட்டுடேன்" என்றார்.

இத்தனை ஃபில்டர் ஞானம் இருந்தும், கல்ஃபானின் வண்டிதான் ஊரிலேயே நாறுகிற வண்டி. சந்தைக்கு ஆடு ஏற்றுகிற வண்டி அது. ஆட்டு வாடையை யாரும் குறை சொல்லவில்லை, அது தொழில் வாடை. குறை மத்திக் கருவாட்டில் வந்தது. கடற்கரைப் பக்கம் போனவர், ஆட்டுக்குத் தீனியாக ஒரு மூட்டை மத்திக் கருவாடு வாங்கி வந்து, பின் இருக்கைக்கு அடியில் வைத்து, மறந்துபோனார். மறந்தது கொளுத்தும் வெயில் மாதத்தில். மூட்டை இறங்கிவிட்டது, வாடை இறங்கவில்லை. ஸுவைனா தன் அக்காள் வீட்டுக்குப் போகும்போது தலையை ஜன்னலுக்கு வெளியே வைத்துக்கொண்டு போவாள். "கூண்டுல ஏத்தின ஆடு மாதிரி வர்றியே" என்று ஒருமுறை கேட்டதற்கு, ஊர் வந்து சேரும் வரை பதில் சொன்னாள்.

மகள் ரய்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது இந்த வாடை குடும்ப விவகாரம் ஆயிற்று. மாப்பிள்ளை வீடு இப்ரியில். கல்யாணத்தன்று பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் பெண்ணை ஊர்வலமாகக் கார்களில் அழைத்துப் போக வேண்டும். ஸுவைனாவின் தம்பி நப்ஹான் மஸ்கட்டில் அதிகாரி. இருக்கையில் ஒட்டிய பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் உரிக்காத புதுக் கறுப்பு வண்டி வைத்திருந்தான்.

"பொண்ணு நப்ஹான் வண்டில போவா" என்றாள் ஸுவைனா.

"ஏன், அப்பன் செத்துட்டானா?"

"அப்பன் இருக்கான். அப்பன் வண்டிலதான் ஆயிரம் மத்தி செத்துக் கெடக்கு. பச்சைப் பட்டு கட்டி, அத்தர் பூசி அனுப்புற பொண்ணு, மாப்ள வீட்டுல எறங்குறப்போ மீன் மார்க்கெட்டு மாதிரியா எறங்கணும்?"

கல்ஃபானுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ரய்யா பள்ளிக்கூடம் போனது அந்த வண்டியில். காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியது அதில். நிஸ்வா கல்லூரிக்குத் தினமும் கொண்டு விட்டதும் கூட்டி வந்ததும் அதில். கடைசியாக ஒரே ஒரு பயணம், அதை மைத்துனன் ஓட்டிக்கொண்டு போவான், பெற்றவன் பின்னால் ஆட்டு வண்டியில் வருவான் என்றால் அவருக்கு நெஞ்சு எரிந்தது. எரிந்ததை வெளியே காட்டாமல், "வாடைதானே? பாத்துக்கிடறேன்" என்று எழுந்து போனார்.

நிஸ்வாவில் போய் புது ஃபில்டர் வாங்கினார். கடையில் அவர் வண்டிக்கு இருந்தது அது ஒன்றுதான். அத்தோடு மாட்டியிருந்தால் ஓரளவு தேறியிருக்கும். ஆனால் கல்ஃபானின் மூளை அங்கே நிற்கவில்லை. வீட்டில் பெண்கள் உடுப்புக்குப் புகை போடுகிற பிரம்புக் கூண்டு கண்ணில் பட்டது. அடியில் தணல், தணலில் குந்திரிக்கம் என்கிற சாம்பிராணிப் பிசின், மேலே துணி.

"துணி பிடிக்கிற வாசத்தை இது பிடிக்காதா? இதுவும் ஒரு துணிதானே!"

விருந்தாளி வந்தால் மட்டும் எடுக்கிற பச்சைக் குந்திரிக்கத்தைக் கை நிறைய அள்ளித் தணலில் போட்டார். ஃபில்டரைக் கூண்டின் மேல் வைத்து, திருப்பித் திருப்பி, கபாப் சுடுகிறவன் போலப் பக்குவம் பார்த்தார். வெள்ளையாக வந்த பொருள் காவி நிறமாகி, மடிப்பெல்லாம் பிசின் ஏறி, கையில் எடுத்தால் விரலில் ஒட்டியது. அதற்குள் தாம்பாளத்தில் வைத்திருந்த பழைய ஃபில்டரை வெள்ளாடு ஒன்று பாதிக்கு மேல் தின்று முடித்திருந்தது. ஆகவே பின்வாங்க வழியில்லை. மாட்டினார். ஸுவைனாவை அழைத்து, முன் இருக்கையில் மரியாதையாக உட்கார வைத்து, ஏசியை முழு வேகத்தில் திருப்பினார்.

ஸுவைனா முகத்தில் காற்று அடித்தது. கண்ணை மூடிக்கொண்டாள். கல்ஃபான் அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டார்.

"எப்படி?"

"கருவாட்டுக்குக் கல்யாணம் பண்ணி வச்ச மாதிரி இருக்கு" என்றாள். கதவைத் திறந்து இறங்கி, குனிந்து அவர் முகத்தைப் பார்த்து, "மடச் சாம்பிராணி" என்று சேர்த்துக்கொண்டு போனாள்.

கல்யாணத்தன்று இரண்டு வண்டிகளும் வாசலில் நின்றன. நப்ஹான் கறுப்பு வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு, தன் முகத்தைக் கண்ணாடியில் சரிபார்த்துக்கொண்டிருந்தான். கல்ஃபான் தன் வெள்ளை வண்டியை அதற்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத மாதிரி நிறுத்தியிருந்தார். நிறுத்தினாலும் மூக்கில் படத்தான் செய்தது. புது அங்கியும் இடுப்பில் வெள்ளிக் கத்தியுமாக நின்ற மனிதர், சந்தையில் விலை போகாத ஆட்டைத் திருப்பி ஓட்டிச் செல்கிறவர் போல இருந்தார். யாரோடும் பேசவில்லை. மர்ஹூன் பயந்துபோய், "உடம்புக்கு ஏதும் பண்ணுதா?" என்று கேட்டார்.

பெண்கள் குலவையிட, ரய்யா வெளியே வந்தாள். பச்சைப் பட்டு, பச்சை ஜிகினா பளபளக்கும் முக்காடு, முழங்கை வரை மருதாணி. ஸுவைனா அவளைக் கறுப்பு வண்டிப் பக்கம் நடத்திக்கொண்டு போனாள். ரய்யா கதவு வரை போய், உள்ளே எட்டிப் பார்த்து, நின்றுவிட்டாள்.

"உம்மா, இதுல ஏறினா எனக்கு வாந்தி வரும்."

"என்னடி சொல்றே? புது வண்டி!"

"அந்தப் புது வாசந்தான் ஆகல. மாமா தப்பா எடுத்துக்காதீங்க."

"கருவாட்டு வாசம் மட்டும் ஆகுமாக்கும்?"

"அது பழகிப்போச்சும்மா."

சொல்லிவிட்டு, பாவாடையைக் கையில் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, பின்னால் நின்ற வெள்ளை வண்டிக்கு நடந்தாள். பின் கதவை ஒருவர் திறந்துவிட, அதைப் பார்க்காதது போல முன் கதவைத் தானே திறந்து ஏறினாள். முழங்கால் டேஷ்போர்டுப் பெட்டியில் இடித்தது. உள்ளே கத்தரிக்கோல் குலுங்கியது.

கல்ஃபான் சாவியைத் திருப்ப மறந்து உட்கார்ந்திருந்தார்.

"கெளம்புங்க வாப்பா. ஏலம் முடிஞ்சுது" என்றாள் ரய்யா.

பின்னால் ஏறிய ஸுவைனா முதல் வேலையாக ஜன்னலை இறக்கினாள். "வெளியில தூசி, உம்மா. முக்காடு போயிடும்" என்று ரய்யா ஏற்றச் சொன்னாள். உள்காற்றே சுற்றி வரும்படி அவளே பொத்தானை அமுக்கினாள். இப்ரி வரை அந்த மூடிய வண்டிக்குள் ரோஜா அத்தர், குங்குமப்பூ, குந்திரிக்கம், மத்தி எல்லாம் கூட்டுக் குடும்பமாகச் சுற்றிச் சுற்றி வந்தன. ஸுவைனா மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தாள். வாடையினால் என்றே அவள் இன்றுவரை சொல்கிறாள்.

அது நடந்து ஹஜ் பெருநாளும் போய்விட்டது. ஒரு புழுதிக் காற்று முடிந்து அடுத்த காற்றும் அடித்துவிட்டது. ஃபில்டரைக் கழற்றித் தட்டாமல் ஒரு காற்றைத் தாண்டாத மனிதர் சும்மா இருப்பதைப் பார்த்து, தெருவே யோசிக்க ஆரம்பித்தது. கடைசியில் ஸுவைனாதான் பிடித்துக்கொண்டாள். "நிஸ்வா கடையில வந்திருக்காம். போய் வாங்கிட்டு வந்து மாத்துங்க. இல்லேன்னா அக்கா வீட்டுக்கு நான் நடந்தே போறேன்."

வாங்கி வந்தார். தாம்பாளம் வந்தது. செருப்பு கழன்றது, ஆட்டுக்குட்டி வந்து சேர்ந்தது. தலை உள்ளே போயிற்று.

"அமுக்கு... இழு..."

மூன்றாவது சொல் வெகுநேரம் வரவில்லை. பாதி உருவிய ஃபில்டர் கையில் இருந்தது. காவி நிற மடிப்புகளில் மண் இருந்தது, ஆட்டு மயிர் இருந்தது. அவற்றுக்கு நடுவே பச்சை ஜிகினாத் துணுக்கு ஒன்று, ஒரு நூலோடு, பிசினில் ஒட்டிக்கொண்டிருந்தது. கல்ஃபான் மூக்கைக் கொண்டுபோய் வைத்தார். கருவாடு வந்தது. குந்திரிக்கம் வந்தது. அதற்கும் அடியிலிருந்து ரோஜா அத்தர் மெல்ல வந்தது.

அடுப்படியிலிருந்து ஸுவைனா, "என்ன, தட்டுற சத்தத்தையே காணோம்?" என்று குரல் கொடுத்தாள்.

கல்ஃபான் பழைய ஃபில்டரை, துணுக்கு உதிராதபடி, இருந்த இடத்திலேயே மெதுவாகத் தள்ளினார். பெட்டியை மாட்டினார். பிறகு எழுந்து இலந்தை மரத்தடிக்குப் போய், பிரிக்காத புது ஃபில்டரை அட்டைப் பெட்டியோடு எடுத்து மதிலில் தட்டினார். பொத், பொத், பொத்.